படைத்தவனைப் படைத்தவன் யார்?
(ஒரு பாதிரியாரும் ஒரு நாத்திகரும் நடத்திய வாதமும், அதில் நமக்குரிய பாடமும்)

இறைவன் உண்டா, இல்லையா என்னும் வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. இவ்வுலக வாழ்வன்றி வேறில்லை, காலந்தான் எங்களை அழிக்கின்றது என்று சொல்லித் திரிந்த கூட்டத்தாரைத் திருமறையின் ‘அல்ஜாஸியா’ அத்தியாயம் எடுத்துக் காட்டுகின்றது. நம் கிதாபுகள் அன்னோரைத் ‘தஹ்ரிய்யா’ என அழைக்கின்றன. அக்கூட்டத்தின் பெயரும் உடையும் காலத்துக்குக் காலம் மாறும். பேச்சு மட்டும் மாறுவதில்லை.

இந்நாளில் இவ்வழக்கு பெரும்பாலும் கிறித்தவர்க்கும் நாத்திகர்க்கும் இடையே நடப்பதாகவே நம் வாலிபர்கள் படிக்கின்றனர். படித்துவிட்டு நம்மவர் இரு சாராராகப் பிரிகின்றனர். ஒரு சாரார், “அது அவர்கள் வீட்டுச் சண்டை, நமக்கென்ன?” என்று ஒதுங்கிக் கொள்கின்றனர். மறு சாரார், நாத்திகர் பாதிரியாரை மடக்குமிடத்தில் கைகொட்டி மகிழ்கின்றனர்; அதே வாதத்தை மனனம் செய்து கிறித்தவரிடம் வீசவும் செய்கின்றனர். இருவரும் பிழை செய்கின்றனர் என்பதே இம்மாதப் பாடம்.

இதைப் பேச நாம் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஸனது பெற்று வந்த புதிதில், ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் கல்லூரியில் படிக்கும் வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்தார். தயங்கித் தயங்கி, “ஹஸ்ரத்! எல்லாவற்றையும் அல்லாஹ் படைத்தான் என்கிறோம். அப்படியானால் அவனை யார் படைத்தது என்று உடன் படிக்கும் மாணவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை” என்றார். நாமோ, “இப்படியெல்லாம் கேட்டால் ஈமான் போய்விடும், தௌபாச் செய்!” என்று பலர் முன்னிலையில் அதட்டி அனுப்பினோம். அவர் தலை குனிந்து போனார். அதன்பின் அப்பள்ளியில் அவரை நாம் காணவில்லை. பதில் நாம் ஓதிய கிதாபிலேயே இருந்தது. அதைச் சொல்லும் பொறுமைதான் நம்மிடம் இல்லாமற் போயிற்று. அந்த வாலிபருக்கு அன்று சொல்லாததை இன்று எழுதுகின்றோம்.

வானொலியில் நடந்த வாதம்

ஆங்கில நாட்டு அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1872-ல் பிறந்து 1970-ல் மறைந்தவர். கணிதத்திலும் தர்க்கத்திலும் பெரும் பெயர் பெற்றவர். 1927-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் லண்டன் பேட்டர்சீயில், தாம் ஏன் கிறித்தவரல்லர் என்பது பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு சிறு நூலாகி உலகெங்கும் பரவிற்று. சுயமரியாதை இயக்கத்தார் அதைத் தமிழிலும் வெளியிட்டனர். எல்லாவற்றிற்கும் ஒரு காரணம் இருந்தே தீரவேண்டுமானால் கடவுளுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும்; காரணமின்றி ஒன்று இருக்கலாமென்றால் அது உலகமாகவே இருக்கலாமே என்பது அச்சொற்பொழிவில் அவர் எடுத்த வாதங்களுள் ஒன்று. தம் 18-ஆம் வயதில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்பாரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோது இவ்வையம் தம்மைப் பற்றியதாக அவரே சொல்கின்றார். நம்மிடம் வந்த வாலிபருக்கும் ஏறத்தாழ அதே வயதுதான்!

பின்னர் 1948-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், பி.பி.சி. வானொலியில் ரஸ்ஸலும் ஃபிரடெரிக் கோப்பிள்ஸ்டன் என்னும் கத்தோலிக்க இயேசு சபைப் பாதிரியாரும் இறைவன் உண்டா என்பது பற்றி நேருக்கு நேர் உரையாடினர். ரஸ்ஸலுக்கு அப்போது 75 வயது, பாதிரியாருக்கு 40. இருவரும் தத்துவம் கற்றுத் தேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் இகழவில்லை, ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டே மறுமொழி சொன்னார். எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக் கொண்டு பிறகு வாதத்துள் நுழைந்தனர். உலகினின்றும் வேறான, உலகைப் படைத்த, எல்லாவற்றிற்கும் மேலான ஒருவன் என்பதே அவர்கள் ஒப்புக்கொண்ட வரையறை.

பாதிரியாரின் வாதத்தைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: உலகில் நாம் காணும் பொருள்கள் யாவும் தம் இருப்புக்குரிய காரணத்தைத் தம்முள்ளே கொண்டிருக்கவில்லை. தாயும் தந்தையுமின்றி நாமில்லை. காற்றும் உணவுமின்றி நமக்கு வாழ்வில்லை. இப்படிப் பிறவற்றைச் சார்ந்த பொருள்களை எத்தனை அடுக்கினாலும் அடுக்கு முழுதும் சார்ந்ததாகவே இருக்கும். ஆகவே எதையும் சாராமல், இல்லாதிருக்க முடியாமல் இருக்கின்ற ஒன்று இருந்தேயாக வேண்டும். அதையே இறைவன் என்கின்றோம்.

ரஸ்ஸலின் மறுப்பு இருவகைத்து. ‘இருந்தேயாக வேண்டும்’ என்பதை ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்லலாமேயன்றி ஒரு பொருளைப் பற்றிச் சொல்வதற்குப் பொருளில்லை என்பது ஒன்று. மனிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு. அதனால் மனித இனம் முழுதுக்கும் ஒரு தாய் உண்டென்று ஆகாது. அவ்வாறே ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் இருப்பதால் உலகம் முழுதுக்கும் ஒரு காரணம் உண்டென்று ஆகாது என்பது மற்றொன்று. உலகம் இருக்கிறது, அவ்வளவுதான், அதற்குமேல் கேட்க வேண்டுவதில்லை என்று அவர் நின்றுவிட்டார். சதுரங்கப் பலகையின் முன் உட்காரவே மறுப்பவரை யாராலும் தோற்கடிக்க முடியாதென்று பாதிரியார் சொல்ல வேண்டியதாயிற்று.

அதன்பின் நன்மை தீமை பற்றியும் பேசினர். நல்லதையும் தீயதையும் எப்படிப் பிரித்தறிகின்றீர் என்று பாதிரியார் வினவ, உணர்ச்சியால் அறிகின்றேன் என்று ரஸ்ஸல் விடையிறுத்தார். அப்படியானால் யூதர்களைக் கொன்று குவித்த ஜெர்மானிய வதைமுகாம் தலைவனும் தன் உணர்ச்சிப்படிதானே நடந்தான் என்னும் கேள்வி அங்கே எழுந்தது. போர் முடிந்து மூன்றாண்டுகள்கூட ஆகாத வேளை அது.

ஆயுதம் யாருடையது?

இங்கேதான் நம்மவர் நின்று சிந்திக்க வேண்டும். பாதிரியார் கையிலெடுத்த ஆயுதம் எங்கே வார்க்கப்பட்டது?

‘வாஜிபுல் உஜூது’, ‘மும்கினுல் உஜூது’ என்னும் சொற்களை அகீதா கிதாபு ஓதிய எந்த மாணவரும் அறிவார். இருந்தே தீரவேண்டியவன் வாஜிபு. இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடியது மும்கின். இப்பகுப்பை வைத்து இறைவனின் இருப்பை விரிவாக நிறுவியவர் இப்னு சீனா (980–1037). 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு டொலேடோ நகரில் அவருடைய நூல்கள் அரபியிலிருந்து லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டன. கத்தோலிக்கத் திருச்சபையின் பெரும் அறிஞராகிய தாமஸ் அக்வினாஸ் (1274-ல் மறைந்தவர்) அவற்றைப் படித்தார். இப்னு சீனாவின் பெயரைச் சொல்லியே பலவிடத்தில் எழுதினார். அக்வினாஸின் வழியில் வந்தவரே கோப்பிள்ஸ்டன். தாம் எழுதிய பெரிய தத்துவ வரலாற்று நூலில் முஸ்லிம் தத்துவ அறிஞர்களுக்கு அவர் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கின்றார்.

எனவே லண்டன் வானொலியில் அன்று ஒலித்த வாதத்தில், பாக்தாதும் புகாராவும் பேசிய பேச்சின் எதிரொலி இருந்தது. “அது அவர்கள் வீட்டுச் சண்டை” என்று ஒதுங்குவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொரு வியப்பும் உண்டு. ரஸ்ஸலின் மறுப்பும் நம் முன்னோர்க்குப் புதிதன்று. ‘ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்’ இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலில் தத்துவவாதிகளை நோக்கி, ஏறத்தாழ இதே கேள்வியை எழுப்பியுள்ளார்கள். வாஜிபு, மும்கின் என்னும் உங்கள் சொற்கள் தெளிவற்றவை. ஒவ்வொன்றுக்கும் வெளியில் ஒரு காரணம் இருப்பதால் மொத்தத்துக்கும் வெளியில் காரணம் இருந்தாக வேண்டுமென்பதை எப்படி நிறுவுவீர்கள் என்று மடக்கினார்கள். ரஸ்ஸலுக்கு 850 ஆண்டுகளுக்கு முன் இது நிகழ்ந்தது.

ஆனால் இமாமவர்கள் மறுப்போடு நின்று இறைமறுப்புக்குப் போய்விட்டார்களா? இல்லை. உலகம் தொடக்கமற்றது என்று தத்துவவாதிகள் சொன்னார்களே, அதுதான் இப்பலவீனத்துக்குக் காரணம் என்று காட்டினார்கள். உலகம் ‘ஹாதிஸ்’, அதாவது இல்லாதிருந்து பின்னர் உண்டானது; உண்டான ஒவ்வொன்றுக்கும் உண்டாக்கியவன் வேண்டும்; ஆகவே உலகுக்கு உண்டாக்கியவன் ஒருவன் உண்டு. இதுவே கலாம் அறிஞர்கள் கைக்கொண்ட நேர்வழி. பின்வந்த தஃப்தாஸானி (ரஹ்) போன்றோர் இவ்விரு வழியையும் இணைத்து, உலகை உண்டாக்கியவன் தானும் ஒரு மும்கினாக இருந்தால் அவனும் உலகத்தில் ஒரு பகுதியாகிவிடுவான், ஆகவே அவன் வாஜிபுல் உஜூதாகவே இருக்க வேண்டும் என்று விளக்கினார்கள். மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ‘ஷரஹுல் அகாயித்’ கிதாபில் இது இருக்கின்றது.

இரவல் நகை

கிதாபின் சொற்கள் கடினமாகத் தோன்றினால், வீட்டு வழக்கம் ஒன்றைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம். நிகாஹ் வீட்டில் மணப்பெண் கழுத்தில் ஓர் ஆரம் மின்னுகின்றது. “யாருடையது?” என்றால், “இரவல், மாமி கொடுத்தார்” என்கின்றனர். மாமியைக் கேட்டால், “நானும் அடுத்த வீட்டில்தான் இரவல் வாங்கினேன்” என்கின்றார். அடுத்த வீட்டாரும் இரவல் என்கின்றனர். இப்படி எத்தனை வீடு ஏறி இறங்கினாலும் எல்லாரும் இரவல் வாங்கியவர்களே, சொந்தக்காரர் எவருமில்லை என்று யாரேனும் சொன்னால் நம்புவோமா? சொந்தமாக வைத்திருந்தவர் ஒருவர் இல்லாவிட்டால், ஆரம் இப்பெண்ணின் கழுத்துக்கு வந்திருக்கவே முடியாதன்றோ!

நம் உஜூதும் இரவல்தான். நேற்று இல்லை, நாளை திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். நம் தந்தையின் உஜூதும் இரவல். மண்ணும் மரமும் ஞாயிறும் திங்களும் அவ்வாறே. ரஸ்ஸல் சொன்னபடி, மனிதர் ஒவ்வொருவருக்கும் தாய் உண்டென்பதால் மனித இனத்துக்கு ஒரு தாய் உண்டென்று ஆகாது என்பது மெய்யே. ஆனால் எல்லாக் குணங்களும் அப்படியல்ல. ஒவ்வொரு செங்கல்லும் சிறிது என்பதால் சுவரும் சிறிதென்று ஆகாது. ஒவ்வொரு செங்கல்லும் மண்ணால் ஆனதென்றால் சுவரும் மண்ணால் ஆனதே. இரவல் என்பது இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. இரவல் நகைகளை மலையாய்க் குவித்தாலும் அக்குவியலில் ஒரு குன்றிமணியும் சொந்தமாகிவிடாது.

இனி அந்த வாலிபரின் கேள்விக்கு வருவோம். “எல்லாவற்றிற்கும் படைத்தவன் வேண்டுமானால் அவனைப் படைத்தவன் யார்?” இக்கேள்வியின் முதற்பாதியே பிழை. எல்லாவற்றிற்கும் படைத்தவன் வேண்டுமென்று நம் இமாம்கள் எவரும் சொல்லவில்லை. ஹாதிஸான ஒவ்வொன்றுக்கும், அதாவது இல்லாதிருந்து உண்டான ஒவ்வொன்றுக்கும் படைத்தவன் வேண்டுமென்றே சொன்னார்கள். அல்லாஹுத்தஆலா கதீம்; தொடக்கமில்லாதவன். தொடக்கமில்லாதவனைத் தொடங்கி வைத்தது யாரென்று கேட்பது, ஆரத்தின் சொந்தக்காரரைப் பார்த்து, “இதை யாரிடம் இரவல் வாங்கினீர்?” என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

இக்கேள்வி எழும் என்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் முன்பே அறிவித்துள்ளார்கள். இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார் என்று ஷைத்தான் வரிசையாகக் கேட்டு, முடிவில் உன் இரட்சகனைப் படைத்தது யார் என்று கேட்பான். அந்நிலையை அடைந்தவர் அல்லாஹ்விடம் காவல் தேடி அத்துடன் நிறுத்திக் கொள்ளட்டும் என்று அருளினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் உள்ளது. நிறுத்து என்றது அறிவுக்குத் தடை போடவன்று. வரிசைக்கு முடிவு ஒன்று உண்டு. அம்முடிவுக்கு வந்தபின்னும் மேலே ஏணி தேடுவது வீண் என்பதையே அது நமக்கு உணர்த்துகின்றது.

ஸஹாபாக்களிற் சிலர், வாயால் சொல்லவும் அஞ்சக்கூடிய எண்ணங்கள் உள்ளத்தில் எழுவதாக முறையிட்டபோது, அவ்வச்சமே தெளிவான ஈமான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தேற்றியதும் முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தாரே அந்த வாலிபர், அத்தயக்கமே அவருடைய ஈமானுக்குச் சாட்சி. அதைக் காண நமக்குக் கண் இல்லாமற் போயிற்று.

நாத்திகரின் வாளைக் கடன் வாங்குவோர்

கிறித்தவரை மடக்க நாத்திகரின் வாதத்தைக் கையிலெடுக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. ரஸ்ஸலின் வாள் கிறித்தவரின் திரித்துவக் கொள்கையோடு நிற்பதில்லை. படைப்பவன் ஒருவன் உண்டு என்னும் ஆணிவேரையே அது வெட்ட வருகின்றது. அண்டை வீட்டுக் கூரை எரிகிறதென்று மகிழ்பவன், காற்று தன் வீட்டுப் பக்கமே வீசுவதை மறந்தவனாவான்.

கிறித்தவரோடு நமக்குள்ள வேறுபாடு வேறிடத்தில் இருக்கின்றது. 1948-ல் பாதிரியார் நிறுவ முயன்றது உலகைப் படைத்த ஒருவனை. மூவரில் ஒருவரை அன்று. அந்த ஆதாரத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனால், பிறந்தவரும் உணவுண்டு வாழ்ந்தவருமாகிய ஒருவர் இறைவனாக இருக்க முடியாதென்பதும் தானே விளங்கும். ஈஸா (அலை) அவர்களும் அவர்தம் அன்னை மர்யம் (அலை) அவர்களும் உணவு உண்பவர்களாக இருந்தார்கள் என்று ‘அல்மாயிதா’ அத்தியாயம் சுட்டுவதன் நுட்பம் இதுவே. உணவைச் சார்ந்திருப்பது வாஜிபுல் உஜூதாக இருப்பதெங்ஙனம்? இதனையும் அழகிய முறையிலேயே எடுத்துரைக்க வேண்டுமென்று ‘அல்அன்கபூத்’ அத்தியாயம் வேதக்காரர்கள் விஷயத்தில் நமக்குக் கட்டளையிடுகின்றது.

நம் முன்னோரின் செல்வத்தை நாம் மறந்திருக்க, பிறர் அதை எடுத்துக் கொண்டதையும் சொல்லியாக வேண்டும். 1979-ல் வில்லியம் லேன் கிரெய்க் என்னும் அமெரிக்கக் கிறித்தவ அறிஞர், உண்டானதற்கு உண்டாக்கியவன் வேண்டும் என்னும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாதத்தை விரித்து ஒரு நூல் எழுதினார். ‘கலாம்’ என்னும் அரபிச் சொல்லையே அந்நூலின் பெயரில் வைத்தார். லண்டன் வானொலி வாதம் நடந்து 50 ஆண்டு நிறைந்ததையொட்டி, 1998-ல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் அவரும் ஆன்டனி ஃப்ளூ என்னும் ஆங்கில நாத்திகரும் வாதிட்டனர். முதல் வாதத்தில் இப்னு சீனாவின் வழி. இரண்டாம் வாதத்தில் கஸ்ஸாலி இமாமின் வழி! இரண்டையும் கையாண்டவர்கள் கிறித்தவர்கள். நம் வாலிபர்களோ அப்பெயர்களை ஆங்கில நூல்களில் படித்துத் தெரிந்து கொள்கின்றனர்.

அந்த ஃப்ளூ ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகன். அரை நூற்றாண்டுக் காலம் நாத்திகத்தை எழுதியவர். 2004-ல், தம் 81-ஆம் வயதில், அறிவுடைய ஒரு மூலகாரணன் உண்டென்று ஒப்புக்கொண்டார். ஆயினும் வேதத்தையும் மறுமையையும் அவர் ஏற்கவில்லை, 2010-ல் மறைந்தார். தர்க்கம் மனிதனை எதுவரை கொண்டுவந்து விடும் என்பதற்கு இது ஒரு படிப்பினை. அது வாசல்வரை அழைத்து வரும். உள்ளே வர ஸுஜூது வேண்டும்.

உள்ளம் பறந்த இரவு

வாசலைத் தாண்டிய ஒருவரின் செய்தியோடு முடிப்போம். பத்ருப் போருக்குப் பின், கைதிகளை மீட்பது பற்றிப் பேச ஜுபைர் இப்னு முத்இம் என்பார் மக்காவிலிருந்து மதீனா வந்தார். அன்று அவர் முஸ்லிமல்லர். மஃரிபுத் தொழுகையில் நபி (ஸல்) அவர்கள் ‘அத்தூர்’ அத்தியாயத்தை ஓதிக் கொண்டிருந்தார்கள். எந்தப் பொருளுமின்றித் தாமே உண்டாகிவிட்டனரா, அல்லது தம்மைத் தாமே படைத்துக் கொண்டனரா, அல்லது வானங்களையும் பூமியையும் அவர்களே படைத்தனரா என்று திருமறை அடுக்கிக் கேட்கும் இடம் வந்தது. அதைச் செவியுற்றபோது தம் உள்ளம் பறந்துவிடும் போலாயிற்று என்றும், ஈமான் தம் நெஞ்சில் முதன்முதல் குடியேறியது அப்போதுதான் என்றும் பின்னாளில் அவர் (ரலி) அறிவித்தார்கள்.

அன்பர்களே! கலாம் கிதாபுகளும் வானொலி வாதங்களும் பக்கம் பக்கமாகப் பேசியதெல்லாம் அக்கேள்விகளுள் அடங்கிவிட்டன. இல்லாமையிலிருந்து தானே ஒன்று வராது. இல்லாதது தன்னைத் தானே படைத்துக்கொள்ள முடியாது. எஞ்சியிருப்பது படைத்தவன் ஒருவன் என்பதே. இன்னொன்றையும் கவனியுங்கள். அவை கேள்விகளாகவே வந்தன. கேட்டவரை அதட்டவில்லை, சிந்திக்க வைத்தன.

பாடத்தின் சாரம்

1. எல்லாவற்றிற்கும் படைத்தவன் வேண்டும் என்று சொல்லாதீர்கள். “உண்டான ஒவ்வொன்றுக்கும் உண்டாக்கியவன் வேண்டும்” என்று சொல்லுங்கள். இந்த ஒரு சொல்லில்தான் ரஸ்ஸலின் முதல் மறுப்புக்கு விடை இருக்கின்றது.

2. கிறித்தவரை வெல்ல நாத்திகரின் வாதத்தையோ, நாத்திகரை வெல்லப் பிறரின் பிழையான அகீதாவையோ துணைக்கு அழைக்காதீர்கள். நம் கிதாபுகளில் இல்லாத குறை ஏதுமில்லை.

3. உங்கள் வீட்டுப் பிள்ளையோ, மஹல்லா வாலிபரோ இப்படிக் கேட்டால் கோபங் கொள்ளாதீர்கள். உட்கார வையுங்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை ஆலிமிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறுங்கள். ஆலிம்களாகிய நாமோ, நம்மிடம் வருவோரை வந்த முகம் வாடாமல் திருப்பியனுப்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று தலை குனிந்து போன அந்தச் சகோதரர் எங்கிருந்தாலும் இவ்வரிகள் அவர் கண்ணில் படுமாக! வல்ல நாயன் அவரையும் நம்மையும் நேர்வழியில் நிலைக்கச் செய்வானாக! கேட்போர்க்குத் தெளிவையும், சொல்வோர்க்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.